பூட்டு போனால் போகட்டும், குழாயைக் காப்பாற்றுங்கள்

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் கால் கழுவ ஒரு பித்தளைக் குழாய் இருக்கிறது. திறந்துவிட்டவர்கள் மூடாமல் போகிறார்கள் என்று கைப்பிடித் துளையில் பூட்டு மாட்டினோம். இப்போது சாவி முழுதாக நுழைகிறது, ஆனால் திரும்ப மறுக்கிறது. திருவிழா நெருங்குகிறது. சுத்தியலால் ஓங்கிப் போட்டால் உடைந்துவிடும் என்கிறார் அண்ணன். செய்யலாமா?
– வாசகி, மெர்லிமாவ்

பதில்: சுத்தியல் வேண்டாம், சகோதரி. பூட்டில் விழும் அடி அங்கேயே நிற்காது, குழாய் வழியாகச் சுவருக்குள் இருக்கும் எல்போவுக்குப் போகும். பழைய இரும்புப் பைப்பாக இருந்தால் துருப்பிடித்த மரை முறியும். பிவிசி என்றால் விரிசல் விடும். அப்புறம் சுவரை உடைக்காமல் வேலை நடக்காது.

முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள். சாவி பாதியில் நின்றால் துவாரத்தில் மண்ணோ குளவிக் கூடோ இருக்கும். சாவி திரும்பியும் பூட்டு விடவில்லை என்றால் வளைகம்பி துருவேறிப் பிடித்திருக்கிறது. உங்களுடையதுபோல் முழுதாக நுழைந்து திரும்பாவிட்டால், உள்ளே வரிசையாக நிற்கும் சின்னச் சின்னப் பின்களும் ஸ்பிரிங்குகளும் அழுக்கில் இறுகிவிட்டன என்று பொருள். தேய்ந்த சாவியாலும் இப்படி ஆகும். நகலுக்கு நகல் எடுத்த சாவியை ஒதுக்கிவிட்டு, பூட்டோடு வந்த சாவியைத் தேடி எடுங்கள்.

தொங்கும் பூட்டின் சாவித் துவாரம் கீழ்நோக்கி இருப்பதால், அடிக்கும் எண்ணெய் உள்ளே தங்காமல் வழிந்துவிடும். பூட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கயிற்றால் கட்டி, துவாரத்தை மேலே பார்க்க வையுங்கள். டபிள்யூடி-40 போன்ற ஸ்பிரேயைத் துவாரத்திலும், வளைகம்பி உள்ளே நுழையும் இரண்டு ஓட்டைகளிலும் அடியுங்கள். இந்த இரண்டு ஓட்டைகளைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அரை மணி கழித்து இன்னொரு முறை அடித்து, முடிந்தால் ஓர் இரவு ஊறவிடுங்கள். சமையல் எண்ணெய் மட்டும் ஆகாது, நாளடைவில் பிசினாகிவிடும்.

பிறகு சாவியைத் திருப்பாமல் பல தடவை நுழைத்து எடுங்கள். கறுப்பாக வரும் அழுக்கை ஒவ்வொரு முறையும் துணியால் துடையுங்கள். அடுத்து, வளைகம்பியைப் பூட்டுக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு சாவியை இடமும் வலமுமாக மெல்ல அசையுங்கள். அப்படி அழுத்தும்போது உள்தாழ்ப்பாளின் மேலுள்ள இறுக்கம் தளரும். கூடவே ஒருவர் ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் பூட்டின் பக்கவாட்டில் லேசாகத் தட்டலாம். சாவியைக் குறடால் பிடித்து முறுக்கினால் சாவி உள்ளேயே ஒடியும். தீ காட்டவும் வேண்டாம். குழாய்க்குள் இருக்கும் ரப்பர் கெட்டுவிடும், பிவிசி இளகிவிடும்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் வளைகம்பியை வெட்டிவிடலாம். மீட்டருக்கு அடுத்த வால்வை முதலில் மூடுங்கள். ஒருவர் ஸ்பேனரால் குழாயை அசையாமல் பிடிக்க, இன்னொருவர் ரம்பத்தால் அறுக்கட்டும். துருவில் வளைகம்பி சுழலாது என்றால் இரண்டு இடத்தில் அறுக்க வேண்டும். கடினப்படுத்திய எஃகில் ரம்பத்தின் பல் ஏறாது, அதற்குக் கிரைண்டர்தான். கண்ணாடி அணிந்து, குழாயை ஈரத்துணியால் சுற்றிய பிறகே கிரைண்டரைத் தொடுங்கள்.

இன்னொரு வழி, பூட்டோடு சேர்த்துக் குழாயையே கழற்றுவது. வால்வை மூடியபின் இடப்புறமாகத் திருகினால் வந்துவிடும். வெளிக்குழாய்கள் பெரும்பாலும் அரை அங்குல மரை என்பதால் புதியது எளிதாகக் கிடைக்கும். மரையில் டெஃப்லான் டேப்பை வலஞ்சுழியாகச் சுற்றி மாட்டுங்கள்.

இனி வாங்கும்போது பித்தளை உடலும் துருப்பிடிக்காத எஃகு வளைகம்பியும் உள்ள பூட்டாகப் பாருங்கள். உங்கள் பக்கம் கடற்காற்றின் உப்பும் மழையும் சாதாரண இரும்பை வைத்திருக்காது. பழைய சைக்கிள் டியூப் துண்டைப் பூட்டின்மேல் குல்லாயாக மாட்டி, மாதம் ஒருமுறை ஸ்பிரே அடித்தால் போதும்.

கோயில் குழாய்க்குப் பூட்டா என்று யாராவது கேட்டால் தயங்காதீர்கள். 1991-இல் டுரியான் துங்கல் அணை வற்றி மலாக்கா மக்கள் தண்ணீருக்குத் தவித்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். தண்ணீரைக் காப்பதும் கோயில் பணிதான். ஆனாலும் பக்தர்கள் நடமாடும் நேரத்தில் குழாய் திறந்திருக்க வேண்டும். அழுத்தினால் கொட்டித் தானே நின்றுவிடும் குழாயை மாட்டினால் பூட்டே தேவைப்படாது. நிர்வாகத்திடம் பேசிப் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் புதிதாகக் குடிவந்த வாடகை வீட்டில் மீட்டர் பக்கத்து வால்வில் துருப்பிடித்த பூட்டு தொங்குகிறது. நாங்களே அறுத்துவிடலாமா?
– வாசகர், அலோர் காஜா

பதில்: கூடாது, ஐயா. அந்தப் பூட்டு யார் போட்டது என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அவருடையது இல்லையென்றால், ஷரிகாட் ஆயர் மலாக்கா நிறுவனம் பாக்கித் தொகைக்காக விநியோகத்தை நிறுத்திப் பூட்டியிருக்கலாம். மீட்டரிலும் அதன் முத்திரையிலும் அனுமதியின்றிக் கை வைப்பது 2006-ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில் சட்டப்படி குற்றம். மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, வாடகை ஒப்பந்தத்தோடு அவர்கள் அலுவலகத்துக்குப் போங்கள். பழைய பாக்கி யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.