வரி கட்டுறது யாரு?

தேர்தல் நெருங்கினால் போதும், புதூர் டீக்கடைகளிலும் கோவில்பட்டி கமிஷன் கடைத் திண்ணைகளிலும் வரிப் பேச்சு வந்துவிடும். "நம்ம காசெல்லாம் வடக்கல்லா போகுது அண்ணாச்சி" என்பார் ஒருவர். "வரியே கட்டாத ஆளுக்கு எதுக்குய்யா கணக்கு?" என்பார் இன்னொருவர். "இப்படிப் பேசுறதே நாட்டுக்கு விரோதம்" என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். மூவரும் மனதாரத்தான் பேசுகிறார்கள். ஆனால் மூவர் பேச்சிலும் கணக்கு பிசகுகிறது. பிசகிய கணக்கோடு நியாயம் கேட்கப் போனால், எதிரே இருப்பவர் கணக்கைத் தள்ளும்போது நியாயத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

நம்பிக்கை: வருமான வரி கட்டுபவர்தான் வரி கட்டுபவர். மற்றவர்கள் அரசிடம் வாங்குகிறவர்கள்.

விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது என்பது உண்மை. 2025-26 நிதியாண்டு முதல், புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை ஆண்டு வருமானம் உள்ளவருக்கும் வரி இல்லை. இந்த அளவுகோலை வைத்தால் விளாத்திகுளம் தாலுகாவில் வரி கட்டுபவர்களாக ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், சில வியாபாரிகள் என்று கொஞ்சம் பேர்தான் தேறுவார்கள்.

ஆனால் புரட்டாசிப் பட்டத்துக்குக் கரிசலைத் தயார் செய்யும் மானாவாரி விவசாயியைப் பாருங்கள். கோடை உழவு, மழைக்குப் பின் மறு உழவு, விதைப்பு என எல்லாமே டிராக்டர். வாடகை மணிக் கணக்கில். வாடகையில் டீசலுக்குப் பெரிய பங்கு. 2025 ஏப்ரலில் உயர்த்தியபோது டீசல் மீதான மத்தியக் கலால் லிட்டருக்கு 17 ரூபாய் 80 காசு ஆனது. அதன்மேல் தமிழ்நாடு அரசின் மதிப்புக் கூட்டு வரி 11 சதவீதம், கூடவே லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு. வருமான வரி லாபம் வந்த பிறகுதான் வந்து கேட்கும். டீசல் வரி விதை மண்ணில் விழுமுன்பே வாங்கிக்கொண்டு போய்விடும். ஐப்பசியில் மழை பொய்த்து உளுந்தும் பாசியும் கருகினாலும், கட்டிய வரி கட்டியதுதான்.

மக்காச்சோளத்தில் 2018-இல் படைப்புழு புகுந்ததிலிருந்து இந்தப் பகுதியில் மருந்துச் செலவு கூடிவிட்டது. ரசாயனப் பூச்சிமருந்துக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். மருந்துக் கடைக்காரர் தான் கட்டிய வரியை அடுத்தவர் தலையில் ஏற்றிவிட முடியும். விளைபொருளுக்கு வரி விலக்கு என்பதால் விவசாயிக்கு அந்த வழி இல்லை. வரிச் சங்கிலியின் கடைசிக் கண்ணி அவர்தான்.

வீட்டுச் செலவும் அப்படியே. குளிக்கிற சோப்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய் எல்லாவற்றுக்கும் 2017 ஜூலை முதல் 18 சதவீதம் வாங்கினார்கள். 2025 செப்டம்பர் 22 அன்றுதான் அது 5 ஆனது. இறங்கியது நல்லது. ஆனால் எட்டு ஆண்டுகளுக்கு மேல், தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் அம்மாவும் கோடீஸ்வரரும் ஒரே சோப்புக்கு ஒரே வரியைத்தான் கட்டினார்கள். அந்த அம்மாவைப் பார்த்து "நீ வரி கட்டாதவள்" என்று சொல்ல இந்த நாட்டில் ஒருவருக்கும் உரிமை இல்லை.

நம்பிக்கை: எல்லாருக்கும் ஒரே வரி என்றால் அதுதான் நியாயம்.

இதற்குத் தீப்பெட்டித் தொழில் நடக்கும் கோவில்பட்டியை விட நல்ல சாட்சி கிடைக்காது. தீப்பெட்டிக்கு வரி போடுவது ஜி.எஸ்.டி.யோடு வந்த வழக்கம் அல்ல. 1934-இல் வெள்ளைக்காரன் தனிச் சட்டமே போட்டுக் கலால் விதித்தான். அதன் அடையாளமாகப் பெட்டிக்குப் பெட்டி பேண்ட்ரோல் என்ற வரிச் சீட்டு ஒட்டிய காலத்தைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

ஜி.எஸ்.டி. வந்தபோது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றவற்றுக்கு 18 சதவீதம் என்று வைத்தார்கள். எது கையால் செய்தது? கட்டை அடுக்குவது, மருந்தில் முக்குவது, பெட்டியில் குச்சி அடைப்பது, லேபிள் ஒட்டுவது, பண்டல் கட்டுவது, இந்த ஐந்தில் எதையும் மின்சாரம் தொடக் கூடாது. தொட்டால் 18. முழு இயந்திர ஆலைக்கு இது ஒரு பொருட்டல்ல. முழுக்கக் கைவேலையில் நிற்கும் சிறு ஆபீஸுக்கு இது பாதுகாப்பு. இரண்டுக்கும் நடுவே, ஒன்றிரண்டு வேலைக்கு மட்டும் மெஷின் போட்ட சிறு முதலாளி மாட்டிக்கொண்டார். பெரிய ஆலைக்கு உள்ள வரியை அவரும் கட்ட வேண்டியதாயிற்று.

2020 மார்ச்சில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், ஏப்ரல் 1 முதல் எல்லாத் தீப்பெட்டிக்கும் 12 சதவீதம் என்று சமன் செய்தது. நடுவில் இருந்தவர் மூச்சுவிட்டார். ஆனால் அதே முடிவு முழு இயந்திர ஆலைக்கு 6 சதவீதம் குறைத்தது, கையால் செய்பவருக்கு 7 சதவீதம் கூட்டியது. சமமான விகிதம் சமமில்லாதவர்கள் மேல் விழுந்தால் இதுதான் நடக்கும். 2025 செப்டம்பரில் எல்லாருக்கும் 5 என்று ஆனதில் பழைய பாரம் இறங்கிவிட்டது, உண்மை. ஆனால் கைத்தொழிலுக்கென்று இருந்த சலுகை திரும்பி வரவில்லை. பெண்களை நம்பி, பெண்கள் நம்பி நடக்கும் இந்தத் தொழிலில் அந்த வித்தியாசம் இருந்தே ஆக வேண்டும் என்பது என் எண்ணம்.

நம்பிக்கை: வரியைக் குறைத்தால் எல்லாருக்கும் நல்லது.

யார் பொருளுக்கான வரி என்று பார்க்க வேண்டும். உளுந்து 2021 மே முதல் வெளிநாட்டிலிருந்து தாராளமாக வருகிறது, இறக்குமதி வரியும் இல்லை. பெரும்பாலும் பர்மா சரக்கு. பருத்திக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை 2025 ஆகஸ்ட் 19 அன்று நீக்கி, பிறகு டிசம்பர் கடைசி வரை நீட்டித்தார்கள். மில்களுக்கு நிம்மதி. விலைவாசிக்கும் நல்லதுதான். ஆனால் உளுந்துக்குக் குவிண்டாலுக்கு 7,800 ரூபாய் என்று ஆதார விலை அறிவித்த அதே ஆண்டில், அதே உளுந்து வரியில்லாமல் துறைமுகத்தில் இறங்குகிறது. இது எப்படி நியாயம் என்று கரிசல் விவசாயி கேட்பது நாட்டுக்கு எதிரான கேள்வி அல்ல, நாட்டின் விளைச்சலுக்கான கேள்வி. தீப்பெட்டிக்காரர்கள் கேட்டார்கள், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில் தடை வந்தது. உளுந்துக்காரர் கேட்டாலும் காது கொடுக்க வேண்டும்.

நம்பிக்கை: தமிழ்நாடு ஒரு ரூபாய் கொடுத்தால் 29 காசுதான் திரும்பி வருகிறது.

2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஊர் ஊராக ஒலித்த கணக்கு இது. குறை எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகவே காட்டுகிறது. காசுக் கணக்குத்தான் நிற்காது.

ஏன் என்றால், வரி எந்த ஊரில் பதிவாகிறது என்பதும் அதை யார் சுமக்கிறார்கள் என்பதும் வேறு வேறு. சென்னையில் தலைமை அலுவலகம் வைத்த கம்பெனி ஒடிசாவில் சம்பாதித்ததற்கும் சென்னையிலேயே வரி கட்டும். மும்பைக் கம்பெனி கோவில்பட்டியில் விற்றுச் சம்பாதித்தது மகாராஷ்டிரக் கணக்கில் ஏறும். தூத்துக்குடித் துறைமுகத்தில் கட்டும் சுங்கவரி தமிழ்நாட்டில் வசூலானதுதான், ஆனால் அந்தச் சரக்கு எத்தனை மாநிலங்களுக்குப் போகிறது! நம்ம ஊர்த் தீப்பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2 ரூபாய்ப் பெட்டியில் இன்றைய வரி சுமார் 10 காசு. அது பாட்னாவில் விற்றால், 10 காசைக் கொடுப்பவர் பாட்னாக்காரர். ஜி.எஸ்.டி. நுகரும் இடத்துக்குச் சேர வேண்டிய வரி என்பதால், அதில் மாநிலத்தின் பாதி பீகாருக்கே போகிறது. பெட்டி செய்தது நாம், அதனால் வரியும் நம்முடையது என்று சொல்ல முடியாது.

அப்படியானால் குறையே இல்லையா? இருக்கிறது, ஆதாரத்தோடு இருக்கிறது. மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் தொகையில் 10ஆவது நிதிக் குழு தமிழ்நாட்டுக்கு 6.637 சதவீதம் கொடுத்தது. 13ஆவது குழுவில் அது 4.969. என்.கே.சிங் தலைமையிலான 15ஆவது குழுவில் 4.079. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்கள்தொகையில் தமிழ்நாடு சுமார் 6 சதவீதம். 15ஆவது குழுவின் கணக்கில், ஒரு மாநிலம் சராசரி வருமானத்தில் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்கு மட்டும் 45 சதவீத மதிப்பு கொடுத்தார்கள். குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாக நடத்தியதற்கு 12.5 சதவீதம். முன்னேறியதற்கு அபராதம் என்று நம்மவர்கள் வருந்துவதில் தவறே இல்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை செஸ்ஸும் சர்சார்ஜும். மத்திய வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்கிறார்கள். ஆனால் செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் வாங்கும் பணம் அந்தப் பொதுப் பானைக்குள் வருவதே இல்லை. மேலே சொன்ன டீசல் வரியைத் திரும்பப் பாருங்கள். 2025 ஏப்ரலின் 17 ரூபாய் 80 காசில் அடிப்படைக் கலால் 1 ரூபாய் 80 காசு மட்டும். மாநிலங்களோடு பங்கிடப்பட்டது அதுதான். மீதி 16 ரூபாய், சாலைக்கு, விவசாயக் கட்டமைப்புக்கு என்று பலவிதப் பெயர்களில் மத்திய அரசிடமே தங்கியது. தமிழ்நாடு மட்டுமல்ல, உத்தரப் பிரதேசமும் பீகாரும் இதில் இழக்கின்றன. 29 காசு என்று கத்துவதை விட இந்த 1 ரூபாய் 80 காசைக் கேட்பது பலமான கேள்வி. யாரும் மறுக்க முடியாது.

நம்பிக்கை: பீகார்க்காரன் நம்ம காசில் உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

இந்தப் பேச்சு புதூரிலிருந்து வரும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிறந்த மாநிலத்தில் பிழைக்க வழியில்லாமல், ரயிலில் நின்றுகொண்டே வந்து நம் கட்டடங்களிலும் மில்களிலும் உழைப்பவர்கள் யார்? அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தமிழ்நாட்டுக்குள்ளேயே இதே தராசைப் பிடித்தால் என்ன ஆகும்? வரி அதிகம் பதிவாவது சென்னையிலும் கோயம்புத்தூரிலும். வானம் பார்த்த நம் பூமிக்கு வரும் ரேஷன் அரிசி, பெண்களின் கட்டணமில்லாப் பஸ், 2023 செப்டம்பரிலிருந்து மாதந்தோறும் வரும் ஆயிரம் ரூபாய், ஆரம்ப சுகாதார நிலையம், இவற்றில் எதையும் புதூரில் வசூலான வரியை மட்டும் வைத்து நடத்த முடியாது. "எங்க காசில் கரிசல்காட்டான் சாப்பிடுகிறான்" என்று ஒரு சென்னைக்காரர் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? மழை குறைந்த ஊருக்கு மழை நிறைந்த ஊர் கொடுப்பது பிச்சை அல்ல, ஒரே நாடாக இருப்பதன் உரிமை. எவ்வளவு கொடுப்பது, எந்தக் கணக்கில் கொடுப்பது என்பதுதான் சண்டை போட வேண்டிய இடம்.

நம்பிக்கை: வரிப் பங்கு கேட்பது பிரிவினை.

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கட்டபொம்மன் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். வரி கேட்டவனை எதிர்த்த மண்ணில் வரியைப் பற்றிக் கேட்பதே குற்றம் என்பது விந்தை. அவரைப் பற்றியே ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. 1959-இல் அவரைப் பற்றி வந்த படத்தின் பாதிப்பில், கும்பினிக்கு (கிழக்கிந்தியக் கம்பெனிக்கு) ஒரு காசு கூடக் கட்டாதவர் என்றே நம்புகிறோம். 1792 உடன்படிக்கையில் ஆற்காட்டு நவாபிடமிருந்து பாளையக்காரர்களிடம் கப்பம் வாங்கும் உரிமையைக் கும்பினி பெற்றது. 1798-இல் கட்டபொம்மன் பாக்கி 3,310 பகோடா நாணயம் என்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சன் முன் கணக்குப் பார்த்தபோது 1,080 பகோடாதான் நின்றது. பெரும்பகுதி கட்டப்பட்டிருந்தது. சண்டை மூண்டது அவரை ஊர் ஊராக அலையவிட்டு, மணிக்கணக்கில் நிறுத்தி அவமானப்படுத்தியதில். விசாரணைக்குப் பின் ஜாக்சனையே பதவியிலிருந்து நீக்கினார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிட்டது வரிப் பாக்கிக்காக மட்டும் அல்ல. வரி வாங்குகிறவன் கொடுக்கிறவனை மதிக்க வேண்டும் என்ற பிடிவாதமும் அந்தக் கயிற்றில் ஏறியது.

அன்றைய வரி, கொடுப்பவர் குரலுக்கு இடமில்லாத வரி. இன்று இடம் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 280ஆவது பிரிவே நிதிக் குழுவை உண்டாக்குகிறது. பங்கு கேட்பதற்கென்றே போடப்பட்ட மேசை அது. 4ஆவது நிதிக் குழுவின் தலைவராக இருந்தவர் பி.வி.ராஜமன்னார். அவரைத்தான் 1969-இல் தமிழ்நாடு அரசு மத்திய மாநில உறவை ஆராயும் குழுவுக்குத் தலைவராக்கியது. தேசத்தின் பணத்தைப் பங்கிட்டவரே மாநிலத்தின் குறையையும் எழுதினார். திராவிட நாடு கோரிக்கையை அண்ணா 1963-இல் கைவிட்டார். மாநில உரிமைப் பேச்சு அதோடு நிற்கவில்லை, இன்னும் வலுத்தது. 2024 பிப்ரவரியில் இதே கேள்வியோடு கர்நாடகமும் கேரளமும் அடுத்தடுத்த நாட்களில் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தன. அவர்களை யார் பிரிவினைவாதி என்று சொல்ல முடியும்?

2026 ஏப்ரலிலிருந்து 16ஆவது நிதிக் குழுவின் 5 ஆண்டுக் காலம். உங்கள் ஊராட்சிக்கு வரும் மானியத்தில் ஒரு பகுதி இந்தக் குழுவின் கணக்கில் இருந்துதான் வருகிறது. கிராம சபை கூடும்போது போய் உட்காருங்கள். நிதிக் குழு மானியம் எவ்வளவு வந்தது, குடிநீருக்கு எவ்வளவு போனது என்று கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் டீசல் செஸ்ஸைப் பற்றிக் கேளுங்கள், எந்தக் கட்சிக்காரர் என்று பார்க்காமல் கேளுங்கள். கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைக்க வேண்டாம். கடலை மிட்டாய்க்கு 18 சதவீதம் போட்டிருந்தார்கள். 2017 நவம்பரில் அது 5 ஆனது. விகிதங்கள் மாறக்கூடியவை.