உராய்வு நமக்குத் தெரிந்த பாடம்தான்!



"அம்மா, உராய்வு பத்தி ஏதாச்சும் செஞ்சிட்டு வரணுமாம்" என்று பிள்ளை வந்து நிற்கும்போது நம்மில் பலர் என்ன சொல்கிறோம்? "நான் என்னத்தைப் படிச்சேன்? கடையில வாங்கிக்கோ" என்கிறோம். வாங்கிய மாடல் வகுப்பில் அழகாகத்தான் இருக்கும். "இது எப்படி வேலை செய்யுது?" என்று டீச்சர் கேட்டால் பிள்ளை முழிக்கும். காசும் போச்சு, பாடமும் போச்சு.

உராய்வு என்றால் என்ன? ஒன்றையொன்று தொட்டிருக்கும் இரண்டு பொருள்கள் நகரும்போது அந்த நகர்வைத் தடுக்கும் விசை. இது நமக்குப் புதுசா? அம்மி வழவழன்னு ஆனதும் கொத்துகிறோம். அது உராய்வைக் கூட்ட. தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுகிறோம். அது உராய்வைக் குறைக்க. பாடம் நமக்குத் தெரியும், பேர்தான் தெரியாது. வீட்டில் இருக்கிற பொருளை வைத்தே இரண்டு பொம்மைகள் செய்யலாம்.

1. நூலேறும் குரங்கு

தேவையானவை: பழைய நோட்டு அட்டை, பேப்பர், மை தீர்ந்த ரீஃபில், பருத்தி நூல், விரல் நீளக் குச்சி, பசை.

செய்முறை:
* அட்டையில் குரங்கு வரைந்து வெட்டவும்.
* ரீஃபிலைச் சுற்றிப் பேப்பரைச் சுருட்டி ஒட்டி, ரீஃபிலை உருவிவிடவும். இப்படி விரல் நீளத்தில் இரண்டு குழாய்கள் வேண்டும்.
* குரங்கின் முதுகில் அவற்றைக் கூரை போல, மேலே நெருக்கியும் கீழே அகட்டியும் ஒட்டவும்.
* குச்சியின் நடுவில் நூல் கட்டி ஆணியில் தொங்கவிடவும். குச்சியின் இரு முனையிலும் இரண்டு முழ நூல் ஒவ்வொன்று கட்டி, குழாய்களில் மேலிருந்து கீழாக நுழைக்கவும்.
* இரண்டு நூலையும் அகட்டிப் பிடித்து, இடது வலது என்று மாற்றி மாற்றி இழுக்கவும். குரங்கு ஏறும்! நூலைத் தளர்த்தினால் இறங்கும்.

ஏன் ஏறுகிறது? இழுக்கும் பக்கத்துக் குழாய் நேராகிவிடும், அதில் நூல் வழுக்கிப் போகும். மறுபக்கக் குழாய் இன்னும் சாய்ந்து நூலை இறுக்கிப் பிடிக்கும். பிடித்த பக்கம் நூலோடு மேலே போகும். பிடிப்பதும் வழுக்குவதும் மாறி மாறி நடப்பதால்தான் ஏற்றம்.

ஏறவில்லையா? குழாய்களை இன்னும் சாய்த்து ஒட்டுங்கள். இறங்கவில்லையா? வாலில் கொஞ்சம் களிமண் வையுங்கள். பருத்தி நூலுக்குப் பதில் வழவழப்பான நைலான் நூல் போட்டால் என்ன ஆகும்? பிள்ளையே பார்த்து நோட்டில் எழுதட்டும்.

2. பாட்டிலைத் தூக்கும் பென்சில்

வாய் குறுகிய சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் விளிம்பு வரை அரிசி போட்டு, தரையில் தட்டித் தட்டி அமுக்கவும். புதுப் பென்சிலை அதில் ஆழமாகத் திரும்பத் திரும்பக் குத்தவும். அரிசி நெருங்க நெருங்கப் பென்சில் இறுகும். கடைசியில் மெதுவாகத் தூக்கினால் பாட்டிலும் கூடவே வரும். பசை இல்லை, கயிறு இல்லை, உராய்வு மட்டும்தான். கீழே பாய் விரித்துச் செய்தால் அரிசி வீணாகாது, அப்புறம் சோறாக்கிடலாம்.

இதெல்லாம் வெறும் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டத்தில், கிராமத்துப் பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து படித்தார்கள். அங்கே பணியாற்றிய அரவிந்த் குப்தா, தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப் போன்ற மலிவான பொருள்களில் பொம்மை செய்து அறிவியல் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நம் வேலை என்ன? கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைக்கு வெட்டிக் கொடுக்கலாம். மற்றபடி கை பிள்ளையுடையதாகவே இருக்கட்டும். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்டால் போதும்: உராய்வு எங்கே இருக்கு? கூட்டினால் என்ன ஆகும்? குறைத்தால் என்ன ஆகும்? நம்மிடம் சொல்லிப் பழகிய பிள்ளை டீச்சரிடமும் தைரியமாகச் சொல்லும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்குப் பிள்ளைகள் செய்ததை எடுத்து வாங்க. எந்தக் குரங்கு ஏறிச்சு, எது ஏறலைன்னு சேர்ந்து பார்ப்போம்.