கியர் நம் கையிலா, வண்டியின் கையிலா?

மும்பையில் கார் வாங்க நினைக்கும் நம் சங்க அன்பர்கள் பலர், "மேனுவல் நல்லதா, ஆட்டோமேடிக் நல்லதா?" என்று என்னிடம் கேட்பதுண்டு. "இன்ஜின் எத்தனை சி.சி.?" என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன்.

இன்ஜினின் இழுவிசையைச் சாலையின் தேவைக்கேற்ப மாற்றிச் சக்கரத்துக்குத் தருவதே கியர் பெட்டியின் வேலை. சிறிய இன்ஜினில் இழுவிசை குறைவு. எனவே அது வழியில் வீணாகக் கூடாது.

1000 சி.சி. வரை: மேனுவலே சிக்கனம். டார்க் கன்வர்ட்டர் வகை ஆட்டோமேடிக், எண்ணெய் வழியே சக்தியைக் கடத்துகிறது. அதில் ஒரு பகுதி வெப்பமாகிப் போகும். சிறிய இன்ஜினுக்கு அது சுமை. இதற்கு மாற்றாக 2014-ல் மாருதி செலேரியோவில் ஏ.எம்.டி. வந்தது. இதுவும் மேனுவல் பெட்டிதான். ஆனால் கிளட்சையும் கியரையும் நமக்குப் பதிலாகக் கருவியே இயக்கும். மைலேஜ் குறையாது, கியர் மாறும்போது சிறு குலுக்கல் இருக்கும்.

1200 முதல் 1500 சி.சி. பெட்ரோல்: இங்கே சி.வி.டி. வகையும் பொருந்தும். பெல்ட்டும் இரண்டு கப்பிகளும் கொண்டது, குலுக்கலே இல்லை. நெரிசலில் சுகம். வேகமாக முந்தும்போது மட்டும் இன்ஜின் இரைச்சல் கூடும்.

1500 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள டீசல்: குறைந்த சுழற்சியிலேயே இழுவிசை தாராளம். டார்க் கன்வர்ட்டர் தாராளமாக எடுக்கலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

இனி, உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்கள். மேட்டில் நிற்கும்போது ஏ.எம்.டி. வண்டியை ஆக்சிலரேட்டரால் தாங்கிப் பிடிக்காதீர்கள், கிளட்ச் கருகிவிடும். ஹேண்ட் பிரேக் போட்டு, பிறகு கிளம்புங்கள். விடுமுறையில் ஊருக்குப் போகும் வழியில் மலைச்சாலையில் இறங்கும்போது, 'டி'யிலேயே விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். வண்டியில் உள்ள வசதிப்படி 'எம்' அல்லது 'எல்'லுக்கு மாற்றிக் கியரைக் குறைத்தால், இன்ஜினே வேகத்தைக் கட்டுப்படுத்தும்.

வாங்குமுன் தனியாக ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வீட்டார் நால்வரையும் ஏற்றி, ஏ.சி.யைப் போட்டு, ஒரு மேம்பாலத்தில் நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள். வீட்டில் வண்டி ஓட்டும் மற்றவரையும் ஓட்டச் சொல்லுங்கள். அங்கே திணறும் வண்டி காட் சாலையிலும் திணறும்.