உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு வெப் சர்வர்

இணைய தள முகவரி ஒன்றை டைப் செய்து என்டர் தட்டுகிறோம். எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் அந்தப் பக்கத்தை நம் பிரவுசருக்கு அனுப்புகிறது. அப்படி அனுப்பும் புரோகிராமைத்தான் வெப் சர்வர் என்கிறோம். இதனை உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே இன்ஸ்டால் செய்து, இணைய தளம் அமைப்பதைச் செலவின்றிப் பழகலாம்.

1995ல் வெளியான அப்பாச்சி, இவ்வகையில் புகழ் பெற்ற ஓப்பன் சோர்ஸ் புரோகிராம். தனியே அமைப்பது புதியவர்களுக்குச் சற்றுச் சிரமம். எனவே அப்பாச்சியுடன் மரியாடிபி, பி.எச்.பி., பெர்ல் ஆகியவற்றையும் சேர்த்துத் தரும் எக்ஸாம்ப் தொகுப்பைப் பயன்படுத்தலாம். அப்பாச்சி ஃப்ரண்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

இன்ஸ்டால் செய்தல்

1. டவுன்லோட் செய்த பைலை டபுள் கிளிக் செய்திடுங்கள். சி டிரைவில் எக்ஸாம்ப் என்ற போல்டரை அதுவே காட்டும். மாற்ற வேண்டாம். புரோகிராம் பைல்ஸ் போல்டரில் அமைத்தால், பைல்களை எழுத விண்டோஸ் தடை போடும்.

2. கண்ட்ரோல் பேனலைத் திறந்து, அப்பாச்சி வரிசையில் ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். பெயரின் பின்னணி பச்சையானால் சர்வர் இயங்குகிறது.

3. முதல் முறை விண்டோஸ் பயர்வால் அனுமதி கேட்கும். கேன்சல் கொடுங்கள். வெளிக் கம்ப்யூட்டர்கள்தான் தடுக்கப்படும். உங்கள் பயிற்சிக்குத் தடையில்லை.

4. பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் லோக்கல்ஹோஸ்ட் என ஆங்கிலத்தில் டைப் செய்திடுங்கள். "இதே கம்ப்யூட்டர்" என்பது இதன் பொருள், எண்ணில் 127.0.0.1. எக்ஸாம்ப் வரவேற்புப் பக்கம் தெரியும்.

முதல் பக்கம்

எக்ஸாம்ப் போல்டரில் எச்டிடாக்ஸ் என்ற போல்டர் இருக்கும். இதில் வைக்கும் பைல்களைத்தான் சர்வர் அனுப்பும். அதனுள் டெஸ்ட் என ஒரு போல்டர் உருவாக்குங்கள். நோட்பேடில் "வணக்கம்" என எழுதி, இண்டெக்ஸ் டாட் எச்.டி.எம்.எல். என்ற பெயரில் அங்கு சேவ் செய்திடுங்கள். போல்டர், பைல் பெயர்கள் ஆங்கில எழுத்துகளில் இருக்கட்டும். சேவ் செய்கையில் டைப் கட்டத்தில் ஆல் பைல்ஸ், என்கோடிங் கட்டத்தில் யு.டி.எப்.-8 வித் பி.ஓ.எம். தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரியலாம். இனி லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் பின் சாய்கோடும் டெஸ்ட்டும் சேர்த்து டைப் செய்தால், உங்கள் பக்கம் வரும்.

அப்பாச்சி இயங்க மறுத்தால்?

பெரும்பாலும் 80 என்ற போர்ட் எண்ணை வேறு புரோகிராம் பிடித்திருக்கும். கண்ட்ரோல் பேனலில் உள்ள நெட்ஸ்டாட் பட்டன் அது எதுவெனக் காட்டும். அதனை நிறுத்திவிட்டு மீண்டும் ஸ்டார்ட் கொடுங்கள்.

கவனம் தேவை

எக்ஸாம்ப் பழகுவதற்கான தொகுப்பு. எளிமைக்காகப் பல பாதுகாப்புகள் தளர்த்தப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டாக, மரியாடிபியின் முதன்மைப் பயனாளரான ரூட் கணக்கிற்குத் தொடக்கத்தில் பாஸ்வேர்ட் கிடையாது. கதவைத் திறந்து வைத்து உறங்குவதற்கு இது சமம். எனவே இதனை இணையத்திற்குத் திறந்துவிடாதீர்கள். பயிற்சி முடிந்ததும் ஸ்டாப் பட்டனை அழுத்துங்கள். தளம் தயாரானபின் ஹோஸ்டிங் நிறுவனத்தில் இடம் வாங்கி, பைல்களை அங்கே ஏற்றுங்கள். அதுவரை தவறுகளெல்லாம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும், தைரியமாகப் பழகுங்கள்.