ஆணியில் தொங்கிய வெள்ளிக் கம்பி

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் பெர்மாஸ் ஜெயாவில் உன் மாடிக்கடைக்கு வந்தபோது மனம் நிறைந்துவிட்டது. மேசை, ஊதுகுழல், கம்பி அச்சு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஆனால் ஜன்னலோரத்து ஆணியில் ஒரு வெள்ளிக் கம்பிச் சுருள் தொங்கியது. இரண்டு இடத்தில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தாய். ஒன்றை நகர்த்திப் பார்த்தேன். ரப்பர் பட்ட இடத்தில் கறுப்பு வளையம், அதை ஒட்டி ஊதா, அதற்கும் அப்பால் தேநீர்க் கறை போல மஞ்சள். இன்னும் ஒரு வளையம்கூட வளைக்காத புதுக்கம்பி. உன் நண்பர்கள் இருந்ததால் அன்று ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் பாட்டன் பாட்டி பால்மரம் வெட்டிப் பிழைத்த நாடு இது. ரப்பரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மரத்துப் பால் அப்படியே ரப்பர் பேண்டு ஆகிவிடுவதில்லை. இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்க வேண்டும் என்பதற்காக அதில் கந்தகம் சேர்த்துச் சூடாக்குகிறார்கள். அந்தக் கந்தகம்தான் வெள்ளிக்கு எமன். நானும் தொழில் பழகிய முதல் வருஷம் இதே தப்பைச் செய்தேன். தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது கொலுசுக்கு வைத்த கம்பி முழுக்கக் கறுத்து நின்றது. அன்று இரவு முழுக்கத் தேய்த்தேன்.

வெள்ளி தண்ணீரில் நனைவதால் மட்டும் கறுப்பதில்லை. காற்றில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அதன் மேல் வெள்ளி சல்பைடாகப் படிகிறது. படலம் மெல்லியதாக இருக்கும்வரை மஞ்சள், தடிக்கத் தடிக்கப் பழுப்பு, ஊதா, கடைசியில் கறுப்பு. காற்றில் ஈரம் கூடினால் வேகமும் கூடும். நாம் புழங்கும் 925 வெள்ளியில் 7.5 சதவீதம் பெரும்பாலும் செம்பு. அதுவும் கூடச் சேர்ந்து கறுக்கும். கொலுசுக்குப் பேர்போன சேலம் கடலை விட்டுத் தள்ளி இருக்கிற ஊர். அங்கத்துப் பட்டறைப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. உனக்குத் தெற்கே ஜொகூர் நீரிணை. நீர் வற்றும் நேரத்தில் செனிபோங் பக்கம் நின்றால் சேற்றிலிருந்து அழுகிய முட்டை வாடை வருமே, அது இதே வாயுதான். கிழக்கே பாசிர் கூடாங் தொழிற்பேட்டை. 2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம்மில் ரசாயனக் கழிவைக் கொட்டியதால் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளை மூடினார்களே, அப்போதுதான் பலருக்குக் காற்றின் மேல் கவனம் வந்தது. வெள்ளி வேலை செய்கிறவனுக்கு அந்தக் கவனம் தினமும் வேண்டும்.

"கறுத்தால் தேய்த்துக்கொள்ளலாமே" என்பாய். பாலிஷ் போடும் ஒவ்வொரு தடவையும் துணியில் வரும் கறுப்பு உன் வெள்ளிதான், தம்பி. தகட்டில் அது தெரியாது. முறுக்குக் கம்பியிலும் சின்ன மணிகளிலும் வேலைப்பாடே மழுங்கிவிடும். கறை படிந்த இடத்தில் பற்றாசும் சரியாக ஓடாது, உருண்டு நிற்கும். ஏற்கெனவே கறுத்த அந்தச் சுருளுக்கு மட்டும் ஒரு வழி சொல்கிறேன். பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து அதன் மேல் கம்பி படும்படி வை. சமையல் சோடாவைப் போட்டு வெந்நீர் ஊற்று. கந்தகம் வெள்ளியை விட்டு விலகும், வெள்ளி வெள்ளியாகவே மிஞ்சும். வாடை வரும், ஜன்னலைத் திறந்து வை.

இனி வாங்கும் தகட்டையும் கம்பியையும் இப்படி வை. கை வியர்வை போகக் கழுவி, நன்றாக உலர்த்தி, அமிலமில்லாத மெல்லிய காகிதத்தில் சுற்று. அழுத்தி மூடும் பாலிதீன் பையில் போட்டுக் காற்றைப் பிதுக்கி எடு. அந்தப் பையை இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வை. செம்பு ஒரு பை, பித்தளை ஒரு பை, வெள்ளி தனி. பழைய நாளிதழ், கம்பளித் துணி, பிவிசி பை எதுவும் வேண்டாம். ஒட்டுப்பலகை இழுப்பறையும் வேண்டாம். அதன் பசையிலிருந்து வரும் ஆவி செம்புக்கு ஆகாது. வெள்ளியைக் கறுப்பாக்க நீ வைத்திருக்கும் கந்தக மருந்தை வேறு அறைக்கே மாற்று. அதே அலமாரியில் அதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. ஏர்கண்டிஷன் அறையிலிருந்து பையை வெளியே எடுத்தால் உடனே பிரிக்காதே, குளிர் விடட்டும். இல்லையென்றால் ஈரக்காற்று பட்டுத் தகடு வியர்க்கும். 916 தங்கத்துக்கு இவ்வளவு பாடு இல்லை. அதைக் கறையிடமிருந்து அல்ல, கள்ளனிடமிருந்து காப்பாற்று.

எந்தத் துணி, எந்தப் பெட்டி நல்லது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி என்பவர் 1973இல் ஒரு சோதனையைக் கொண்டுவந்தார். காட்சிப் பெட்டிக்கு வாங்கும் பொருளோடு வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளைக் கொஞ்சம் தண்ணீருடன் ஒரு கண்ணாடிக் குழாயில் மூடி, 60 டிகிரி சூட்டில் 28 நாள் வைப்பார்கள். எந்தத் துண்டு நிறம் மாறினாலும் அந்தப் பொருளை உள்ளே விடமாட்டார்கள். உனக்கு அவ்வளவு கருவி தேவையில்லை. வெட்டி மிஞ்சிய வெள்ளியில் ஐந்து துண்டை ஒரே மாதிரி மெருகேற்று. ஒன்று ஜன்னலோரம், ஒன்று கந்தக மருந்து இருந்த அலமாரி, ஒன்று நீ நகை வைக்கும் வெல்வெட் பெட்டி, ஒன்று வெறும் மேசை, ஒன்று நான் சொன்ன டப்பா. ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் மடித்து, எங்கே இருந்தது என்று எழுதி, அடுத்த மாதம் ஜாலான் ஊங்கு புவான் மாரியம்மன் கோயிலுக்கு வரும்போது கொண்டுவா. வாசல் வெளிச்சத்தில் வைத்துச் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்