சென்னையா, கோவையா?

அமெரிக்காவில் எந்த மாவட்டத்தில் இனக் கலப்பு அதிகம் என்று ஒப்பிடுகிறார்களே, நம் பக்கம் எது முந்தும்? சென்னையா, கோவையா?
– வாசகர், தாராபுரம்

சந்தேகமே வேண்டாம், கோவைதான்! கண்ணை மூடிக்கொண்டு இருவரைப் பொறுக்கினால் அவர்கள் வெவ்வேறு இனமாக இருக்க எத்தனை வாய்ப்பு என்பதே அங்குள்ள கணக்கு. 2020-இல் அமெரிக்கா முழுமைக்கும் 61%. நம் கணக்கெடுப்பில் இனத்துக்குக் கட்டம் கிடையாது, தாய்மொழிக்கு உண்டு. 2011-இல் தமிழ் என்று சொன்னவர்கள் சென்னையில் பத்துக்கு ஏறக்குறைய எட்டுப் பேர், கோவையில் ஏழு பேர். ஆக, இருவருமே தமிழ் வீட்டுக்காரர்களாக இருக்கும் வாய்ப்பு சென்னையில் சுமார் 64%, கோவையில் 49%; இது குறையக் குறையக் கலப்பு கூடுகிறது என்று பொருள். ‘பல மொழிகள் புழங்கும் சென்னையின் சௌகார்பேட்டையை மறந்துவிட்டீரா?’ என்பீர்கள். மொழிகளின் எண்ணிக்கை வேறு, கலப்பின் அளவு வேறு. கோவையில் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் தலைமுறைகளாகக் கனமாகவே இருக்கின்றன. உங்கள் திருப்பூர் மாவட்டத்துப் பனியன் கம்பெனிகளுக்கு 2011-க்குப் பிற்பாடு வந்த ஒடிசா, பீகார்காரர்கள் அடுத்த கணக்கெடுப்பில் போட்டிக்கு வருவார்கள். அதுவரை சென்னையை முந்துவது கோவையே.