டீசல் எஞ்சின் ஓடி நிற்பதன் காரணம் அறிதல்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிரதேசம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்தது. அடிவாரத்திற்குக் கிழக்கேயுள்ள தோட்டங்களுக்குக் கிணற்று நீரே கதி. மின்சார மோட்டார் பெருகிவிட்ட இக்காலத்தும், இணைப்பு எட்டாத கிணறுகளுக்கு டீசல் எஞ்சின் வேண்டியிருக்கிறது. அது கால் மணி நேரம் ஓடித் தானே நின்றால் பாய்ச்சல் பாதியில் தடைப்படும். உடனே பம்பையும் நாஸிலையும் கழற்றச் சொல்லுவது பெரும்பாலும் வீண் செலவேயாகும்.

1897-இல் ருடால்ப் டீசல் என்பார் ஜெர்மனியில் வெற்றியுடன் ஓட்டிக் காட்டிய இவ்வகை எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டரில் அமுக்கப்பட்ட காற்றின் உஷ்ணமே எண்ணெயைப் பற்றவைக்கிறது. ஆகையால், குளிர்ந்திருக்கையில் எளிதாய்க் கிளம்பும் எஞ்சினுக்கு அமுக்கம் போதுமென்று கொள்ளலாம். பின்னர் அது நிற்குமானால் எண்ணெய் வரத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நின்ற விதத்தைக் கவனித்தல் அவசியம். மிகுந்த சூட்டுடன், இறுகினாற்போல் திடீரென நின்றதாயின் மீண்டும் சுழற்றலாகாது. ஆறவிட்டு, மசகெண்ணெயையும் குளிர்நீரையும் பார்க்கவும். வேகம் தளர்ந்து, விட்டுவிட்டு இரைந்து நின்றதாயின் டாங்கியின் மூடியைத் திறக்கவும். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டு, பின் எஞ்சின் சரியாய் ஓடினால், மூடியிலுள்ள சிறு துவாரம் அடைபட்டதே குற்றம். குளவி கட்டிய மண்ணும் இதற்குப் போதும்! ஒரு கம்பி நுனியால் தீரும் காரியம் இது.

குற்றம் அங்கில்லையேல், எஞ்சினை அசைக்குமுன் காலையில் டாங்கியின் அடியிலிருந்து சிறிது எண்ணெயைக் கண்ணாடிக் குவளையில் வடித்துப் பார்க்கவும். தண்ணீர் இருப்பின் கீழே தங்கும். அடுத்து பில்டரைப் பார்க்கவும். கசடு அடைத்திருந்தால் மாற்றிவிடுதல் உசிதம்.

பில்டர் மாற்றினாலும், டாங்கி வற்ற ஓட்டினாலும் குழாயில் காற்று புகும். டாங்கியை நிரப்பி, பில்டரின் மேலுள்ள காற்றுத் திருகைச் சற்றுத் தளர்த்தி, குமிழியின்றி எண்ணெய் வழியும்போதே இறுக்கவும். பின்பு பம்பின் திருகிலும் அவ்வாறே செய்க. நாஸிலிலிருந்து பீறிடும் எண்ணெய்க்கு எதிரே கையை நீட்டலாகாது. அதன் வேகம் தோலைத் துளைத்து உட்புகும். காயம் சிறிதாய்த் தோன்றினும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இவ்வொரு விஷயத்தையேனும் கிராம உத்தியோகஸ்தர்கள் எஞ்சின் ஓட்டுகிறவர்களுக்கு நேரில் சொல்லிவைப்பது நலம்.

இத்தனைக்கும் பிறகு நிற்குமாயின், பம்பையும் நாஸிலையும் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுக.